பைக் ஸ்டண்ட் கேம்: முதல் சக்கரத்திலிருந்து பிளே ஸ்டோர் வரை முழு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கல்லூரி மாணவர்களோடு உட்கார்ந்து பைக் ஸ்டண்ட் கேம் செய்து பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. யாரும் புரோகிராமிங் தெரியாமல் தோற்பதில்லை; வரிசை தவறித்தான் பாதியில் விடுகிறார்கள். முதலில் பைக்கை அழகாக வரைகிறார்கள். அப்புறம் பத்து லெவல் செய்கிறார்கள். கடைசியில் ஓட்டிப் பார்த்து, இன்ஜின் இழுவை போதவில்லை என்று ஒரு எண்ணைக் கூட்டுகிறார்கள். அந்த ஒரு எண்ணால் பத்து லெவலிலும் தாவும் தூரம் மாறிவிடுகிறது. பள்ளம் தாண்ட வேண்டிய பைக் பாறையில் போய் மோதுகிறது. வேலை முழுவதும் மறுபடி முதலிலிருந்து.

ஒருவர் அல்லது இருவர் சேர்ந்து கோடோ இன்ஜினில் (கேம் செய்யும் மென்பொருள்) 2டி பைக் கேம் செய்து, முதலில் இட்ச் தளத்திலும் (பிரவுசரிலேயே ஆடும்படி கேம்களைப் பகிரும் இணையதளம்) பிறகு கூகுள் பிளே ஸ்டோரிலும் வெளியிடுவதற்கான வழிகாட்டி இது. படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் தயாராக வைக்க வேண்டியவை

கணினியில் 8 ஜிபி ரேம் இருந்தால் போதும். கோடோ இலவசம், எம்ஐடி உரிமத்தில் வருவதால் விற்றாலும் யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. கடைசியாக வந்த நிலையான பதிப்பை எடுங்கள். பழைய யூடியூப் பாடத்தைப் பார்த்து 3-ஆம் வரிசைப் பதிப்பை எடுக்காதீர்கள். 2023 மார்ச்சில் வந்த 4.0-லிருந்து நிறையப் பெயர்கள் மாறிவிட்டன, பாடத்தில் வரும் கட்டளைகள் பொருந்தாது.

செய்த கேமை போனிலும் பிரவுசரிலும் ஓடும் கோப்பாக மாற்ற உதவும் எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட் மட்டுமே கிட்டத்தட்ட ஒரு ஜிபி வரும். அதோடு ஆண்ட்ராய்டு கோப்பை உருவாக்கும் கருவிகளான ஆண்ட்ராய்டு எஸ்டிகே, ஜேடிகே 17 இரண்டும் வேண்டும். மொபைல் டேட்டாவில் இழுக்காமல், நல்ல வைஃபை கிடைக்கும் நாளில் மூன்றையும் முடித்துவிடுங்கள். வெளியிடும் வாரத்தில் இந்த டவுன்லோடுக்காகக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விலை குறைந்த, இரண்டு மூன்று வருடம் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று அவசியம். உங்கள் கேமை விளையாடப்போகிறவர்களில் பலர் கையில் இருப்பது அதுதான். கணினியில் வெண்ணெயாக ஓடுவது அதில் திக்கித் திணறலாம்.

புதிய புராஜெக்ட் திறக்கும்போது ரெண்டரர் (திரையில் படம் வரையும் பகுதி) என்ற இடத்தில் 'கம்பாட்டிபிலிட்டி'யைத் தேர்ந்தெடுங்கள். பழைய போனிலும் ஓடும். பிரவுசரில் ஓடும் பதிப்புக்கும் கோடோ 4-இல் அது ஒன்றுதான் வழி. பின்னால் மாற்றினால் நிறங்களும் ஒளியும் மாறித் தெரியும்.

இன்னொன்று, பிளே ஸ்டோர் டெவலப்பர் கணக்கு தொடங்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். கட்டணம் ஒரே ஒரு முறை, 25 டாலர். உங்கள் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பொதுவாக அணைத்தே இருக்கும். வங்கி ஆப்பில் அதை இயக்கிய பிறகு கட்டுங்கள்.

2. ஓட்டுவதற்கு நான்கு பொத்தானுக்கு மேல் வேண்டாம்

இந்த வகை விளையாட்டில் நன்கு அறியப்பட்டது டிரையல்ஸ் வரிசை. பின்லாந்தின் ரெட்லிங்க்ஸ் நிறுவனம் செய்தது. அந்த வரிசையில் டிரையல்ஸ் ரைசிங் 2019 பிப்ரவரி 26 அன்று வெளியானது. அவ்வளவு பெரிய கேமிலும் ஓட்டுவதற்கு இருப்பவை நான்குதான்: கேஸ், பிரேக், முன்னால் சாய்தல், பின்னால் சாய்தல். கஷ்டம் முழுவதும் எப்போது, எவ்வளவு அழுத்துவது என்பதில் இருக்கிறது. நீங்களும் அதோடு நிறுத்துங்கள். நைட்ரோ, ஜம்ப் பொத்தான் என்று சேர்த்தால் சாய்ந்து தாவும் திறமைக்கு வேலையே இல்லாமல் போகும்.

புராஜெக்ட் செட்டிங்ஸில் இன்புட் மேப் போய் நான்கு செயல்களுக்கும் பெயர் கொடுத்து, முதலில் கீபோர்டின் அம்புக்குறிகளை இணையுங்கள். ஐந்தாவதாக ஒன்று வேண்டும்: கடைசி செக்பாயிண்டுக்கு (விழுந்தால் மறுபடி தொடங்கும் இடம்) திரும்பும் பொத்தான்.

போனுக்கான திரைப் பொத்தான்களில் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். சாதாரண 'பட்டன்' நோடை (கோடோவில் கேமைக் கட்டும் ஒவ்வொரு துண்டும் ஒரு நோடு) வைத்துவிடுகிறார்கள். அது ஒரு விரலை மட்டுமே கவனிக்கும். கேஸைப் பிடித்துக்கொண்டே சாய முடியாது. 'டச்ஸ்கிரீன் பட்டன்' என்ற நோடு தனியாக இருக்கிறது. ஒரே நேரத்தில் பல விரல்களை ஏற்கும். அதைப் பயன்படுத்துங்கள்.

3. பைக் என்பது இப்போதைக்கு ஒரு பெட்டியும் இரண்டு வட்டமும்

படம் வேண்டாம். வெறும் வடிவங்களோடு தொடங்குங்கள். படம் வந்துவிட்டால் மனசு அதில் மயங்கி, ஓட்டத்தில் உள்ள குறை கண்ணுக்குத் தெரியாது.

எடையும் விசையும் உள்ள பொருளாக நடந்துகொள்ளும் ரிஜிட்பாடி2டி நோடுகள் மூன்று தேவை: சட்டம் ஒன்று, சக்கரம் இரண்டு. சட்டத்துக்கு 90-க்கு 30 பிக்ஸல் செவ்வகம், சக்கரங்களுக்கு 24 பிக்ஸல் ஆரமுள்ள வட்டம். எடை சட்டத்துக்கு 1, சக்கரம் ஒவ்வொன்றுக்கும் 0.2 என்று வையுங்கள். சிலர் நிஜ பைக்கைப் போல 120 கிலோ என்று போடுகிறார்கள். அப்படிப் போட்டால் ஸ்பிரிங்கின் வலிமை எடிட்டர் தரும் வரம்புக்குள் அடங்காது. சட்டம் மிகக் கனமாகவும் சக்கரம் மிக லேசாகவும் இருந்தாலும் இணைப்புகள் நடுங்கும். ஐந்துக்கு ஒன்று என்ற விகிதம் பத்திரமானது.

அளவை மாற்ற வேண்டுமென்றால் வடிவத்தின் ஆரத்தை, நீளத்தை மாற்றுங்கள். ரிஜிட்பாடியின் ஸ்கேலைத் தொடாதீர்கள். எடிட்டரில் பெரிதாகத் தெரியும். ஓடத் தொடங்கியதும் இன்ஜின் அதைப் பழைய அளவுக்கே திருப்பிவிடும்.

முதலில் சக்கரங்களை வெறும் பின்ஜாயிண்ட்2டி கொண்டு இணைத்து உருட்டிப் பாருங்கள். ஜாயிண்ட் நோடு சக்கரத்தின் நட்ட நடுவில் இருக்க வேண்டும். நாலு பிக்ஸல் தள்ளியிருந்தாலும் சக்கரம் முட்டைபோல் தத்தித் தத்தி ஓடும். இது சரியான பிறகுதான் சஸ்பென்ஷன். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் கோளாறு எதில் என்று கண்டுபிடிக்க முடியாது.

சஸ்பென்ஷனுக்கு பின்ஜாயிண்டை எடுத்துவிட்டு, சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குரூவ்ஜாயிண்ட்2டி, ஒரு டேம்ப்டுஸ்பிரிங்ஜாயிண்ட்2டி வையுங்கள். முதலாவது, சக்கரம் மேலும் கீழும் மட்டும் நகரும்படி பார்த்துக்கொள்கிறது. இரண்டாவது, சட்டத்தைத் தாங்குகிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு இயல்பாக 20 என்று இருக்கும். நம் எடைக்கு அது போதாது. சட்டத்தின் பாதி எடை 0.5; ஈர்ப்பு 980; பெருக்கினால் 490. அதை 20-ஆல் வகுத்தால் ஸ்பிரிங் 24 பிக்ஸலுக்கு மேல் அமுங்கும். சக்கரத்தின் ஆரமே அவ்வளவுதான். 40 என்று வைத்தால் 12 பிக்ஸல் அமுங்கி நிற்கும், குதித்து இறங்கும்போது மிச்சம் இருக்கும். டேம்பிங்கை 3-இல் தொடங்குங்கள். இறங்கிய பிறகு பைக் தொடர்ந்து ஊஞ்சலாடினால் கூட்டுங்கள். கட்டைபோல் விழுந்தால் குறையுங்கள்.

4. இழுவையும் சாய்வும்

பின்சக்கரத்துக்கு மட்டும் 'அப்ளை டார்க்' கொடுங்கள். டார்க் என்றால் சுழற்றும் விசை. 12000-இல் தொடங்கலாம். இவ்வளவு பெரிய எண்ணா என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்கு பிக்ஸலில் நடப்பதுதான் காரணம். 12000-ஐ 24 பிக்ஸல் ஆரத்தால் வகுத்தால் தரையைத் தள்ளும் விசை 500. மொத்த எடை 1.4. நொடிக்கு நொடி ஏறும் வேகம் சுமார் 357 பிக்ஸல். இது நல்ல தொடக்கம். 50, 100 என்று போட்டுவிட்டு 'கோடு (எழுதிய புரோகிராம்) வேலை செய்யவில்லை' என்று மணிக்கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு. கோடு வேலை செய்கிறது. விசைதான் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது.

சக்கரத்தின் சுழல் வேகம் நொடிக்கு 40 ரேடியனைத் தாண்டினால் டார்க் கொடுப்பதை நிறுத்துங்கள். உச்ச வேகம் அதிலேயே கட்டுக்குள் வந்துவிடும்.

அடுத்ததுதான் பைக்குக்கு உயிர் கொடுப்பது. சக்கரத்துக்குக் கொடுக்கும் டார்க்கை, எதிர்த்திசையில் சட்டத்துக்கும் கொடுங்கள். நிஜ பைக்கில் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றும்போது சட்டம் மறுபக்கம் திமிரும்; வீலி (முன்சக்கரம் தூக்கி ஓடுவது) வருவது அதனால்தான். இதை விட்டுவிட்டால் பைக் தண்டவாளத்தில் போகிற வண்டியாகத் தெரியும். முழு அளவும் வேண்டாம் என்று தோன்றினால் பாதியில் தொடங்கி ஏற்றுங்கள். காற்றில் இருக்கும்போது கேஸ் பிடித்தால் முன்சக்கரம் மேலே ஏறும், பிரேக் பிடித்தால் கீழே இறங்கும். இந்த நுணுக்கத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்காரர் உங்கள் கேமை விடமாட்டார்.

சாய்வுக்குச் சட்டத்தின் மேல் 10000 அளவு டார்க் போதும். நின்ற நிலையிலிருந்து ஒரு முழுச் சுற்று சுற்ற சுமார் ஒன்றரை நொடி ஆகும். அதைவிட வேகமாக்கினால் ஃபிளிப் (காற்றில் ஒரு முழுச் சுற்று) அடிப்பது மலிந்துபோகும்.

உராய்வில் ஒரு பொறி இருக்கிறது. சக்கரத்தின் ஃபிசிக்ஸ் மெட்டீரியலில் உராய்வை ஏற்றியும் வழுக்கினால் தரையைப் பாருங்கள். 'ரஃப்' என்ற குறியை இடாதவரை இரண்டில் குறைவான உராய்வையே கோடோ எடுத்துக்கொள்ளும்.

இவை எல்லாவற்றையும் 'ஃபிசிக்ஸ் புராசஸ்' செயல்கூறுக்குள் எழுதுங்கள். வெறும் 'புராசஸ்'ஸில் எழுதினால் வேகமான போனில் ஒரு மாதிரியும் மெதுவான போனில் வேறு மாதிரியும் ஓடும். ஃபிசிக்ஸ் டிக் (இயக்கத்தைக் கணக்கிடும் தடவைகள்) இயல்பாக நொடிக்கு 60. அதை அப்படியே விடுங்கள். 90, 120 ஹெர்ட்ஸ் திரையில் பைக் நடுங்குவதுபோல் தெரிந்தால், 4.3 பதிப்பில் வந்த ஃபிசிக்ஸ் இன்டர்பொலேஷனை இயக்குங்கள். டிக் எண்ணைக் கூட்டினால் ஸ்பிரிங்கின் நடத்தையே மாறிவிடும்.

5. ஒரே ஒரு சோதனை மைதானம், அப்புறம் எண்களைப் பூட்டுதல்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். வாரக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை.

ஒரு மைதானம் செய்யுங்கள். நீண்ட சமதளம், 30 டிகிரி ஏற்றம், இரண்டு சக்கர நீளத்துக்கு ஒரு பள்ளம், ஆள் உயர இறக்கம், சின்னச் சின்ன மேடுகள் வரிசையாக, கடைசியில் ஏறவே கஷ்டமான செங்குத்துப் படி ஒன்று. வேறெதுவும் வேண்டாம். இதில் கேஸ் மட்டும் பிடித்துக்கொண்டே போனால் 30 டிகிரி ஏற்றத்தில் பைக் பின்னால் கவிழ வேண்டும். முன்னால் சாய்ந்தால் ஏற வேண்டும். சின்ன மேடுகளில் வேகமாகப் போனால் தூக்கியடிக்க வேண்டும்; நிதானமாகப் போனால் கடக்க வேண்டும். செங்குத்துப் படியைப் பின்னால் சாய்ந்து, முன்சக்கரம் எழும்போது கேஸ் கொடுத்து, சட்டென்று முன்னால் தள்ளினால் மட்டுமே தாண்ட முடிய வேண்டும். இவ்வளவும் நடக்கும்வரை எண்களைத் திருத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

பிறகு போனை வேறொருவர் கையில் கொடுங்கள். வாயைத் திறக்காதீர்கள். 'இங்கே சாயணும்டா' என்று சொல்லிவிட்டால் சோதனை கெட்டுப்போகும். அவர் எத்தனை முறை விழுகிறார் என்பதைவிட, விழுந்ததும் உடனே மறுபடி ஓட்டுகிறாரா, போனைத் திருப்பித் தருகிறாரா என்று பாருங்கள். பைக் கேம் ஆடவே ஆடாத ஒருவரிடமும் கொடுங்கள். வீட்டில் அம்மாவோ சித்தியோ ஓட்டிப் பார்த்தால், எந்தப் பொத்தான் எதற்கு என்று புரியாத இடம் உடனே வெளியே வந்துவிடும்.

திருப்தி வந்ததும் எடை, ஸ்பிரிங், டார்க், உராய்வு எல்லா எண்களையும் ஒரே ரிசோர்ஸ் கோப்பில் வைத்துப் பூட்டுங்கள். கிட் (கோப்புகளின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் மென்பொருள்) தெரிந்தால் அந்த நிலைக்கு ஒரு டேக் போடுங்கள். தெரியாவிட்டால் கோப்புறையை நகலெடுத்துத் தேதி போட்டு வையுங்கள். இனி இந்த எண்கள் மாறாது. லெவல் ஓட்டமுடியாமல் இருந்தால் லெவலை மாற்றுங்கள், பைக்கை அல்ல.

6. விழுவதும் எழுவதும்

ஓட்டுபவரின் தலை இருக்கும் இடத்தில் எதையாவது தொட்டால் சொல்லும் ஏரியா2டி நோடு ஒன்றை வைத்து, அது தரையைத் தொட்டால் விழுந்ததாகக் கணக்கிடுங்கள். சட்டம் தொட்டாலே விழுந்ததாக வைத்தால் எரிச்சல் வரும்.

எழுப்பும்போது பலர் பைக்கின் 'பொசிஷனை' நேரடியாக மாற்றுகிறார்கள். ரிஜிட்பாடி ஃபிசிக்ஸ் இன்ஜினின் கட்டுப்பாட்டில் இருப்பது. சட்டம் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் என்று ஸ்பிரிங் இழுத்துப் பைக் சிதறும். எளிய வழி: பைக் ஸீனையே நீக்கிவிட்டு, செக்பாயிண்டில் புதிதாக ஒன்றை வையுங்கள். பழைய வேகம், சுழற்சி, ஸ்பிரிங் இழுவை எதுவும் ஒட்டிக்கொண்டு வராது.

எழுவது அரை நொடிக்குள் நடக்க வேண்டும். 'மீண்டும் முயல்க' என்ற திரை, இடையில் விளம்பரம் எதுவும் வேண்டாம். இந்த வகைக் கேமில் மனிதர்கள் ஒரே பாறையில் திரும்பத் திரும்ப விழுவார்கள்; ஒவ்வொரு முறையும் காத்திருக்க வைத்தால் நீக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

7. ஃபிளிப் எண்ணுவது

முதலில் சக்கரம் தரையில் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். ரிஜிட்பாடியில் 'கான்டாக்ட் மானிட்டர்' அணைந்தே இருக்கும். 'மேக்ஸ் கான்டாக்ட்ஸ் ரிப்போர்ட்டட்' பூஜ்யமாக இருக்கும். ஒன்றை இயக்கிவிட்டு மற்றதை மறப்பதுதான் வழக்கமான தவறு. இரண்டையும் மாற்றுங்கள்.

சட்டத்தின் 'ரொட்டேஷன்' மதிப்பை நம்பி எண்ணாதீர்கள். அரைச் சுற்றில் குறி மாறிக் குழப்பும். இரு சக்கரமும் காற்றில் இருக்கும் நேரம் முழுக்க, சுழல் வேகத்தை டெல்டாவால் (முந்தைய கணக்கிலிருந்து கடந்த நேரம்) பெருக்கிக் கூட்டிக்கொண்டே வாருங்கள். முழுச் சுற்றில் பத்தில் ஒன்பது பங்கு வந்தாலே ஒரு ஃபிளிப் கொடுக்கலாம்; ஏற்றத்திலிருந்து பறந்து சமதளத்தில் இறங்கும்போது சுற்று கொஞ்சம் குறைவாகத்தான் முடியும். புள்ளியை இறங்கிய பிறகு, விழாமல் அரை நொடி போன பிறகே சேர்க்க வேண்டும். காற்றிலேயே கொடுத்தால், தலைகீழாக விழுந்தும் புள்ளி வாங்குவார்கள்.

8. பாதை போடுதல்

தரையைப் படத்துண்டுகளாக அடுக்காதீர்கள். துண்டும் துண்டும் சேரும் இடத்தில் சக்கரம் இடறும். ஒரு பாத்2டி கோட்டில் வளைவை வரையுங்கள். அதன் 'பேக்ட் பாயிண்ட்ஸ்' புள்ளிகளை எடுத்து, அதே புள்ளிகளால் பார்க்கும் தரையையும் (பாலிகன்2டி) மோதும் தரையையும் (கொலிஷன்பாலிகன்2டி) ஒரு சின்ன ஸ்கிரிப்ட் கட்டட்டும். கண்ணுக்குத் தெரிவதும் சக்கரம் தொடுவதும் எப்போதும் ஒன்றாக இருக்கும். கோடு தன்னைத்தானே குறுக்கே வெட்டக்கூடாது. வெட்டினால் மோதல் வடிவமே உருவாகாது. தரைக்கு நல்ல தடிமன் கொடுங்கள். மெல்லிய தரையை வேகமான சக்கரம் துளைத்துக்கொண்டு போய்விடும்.

எந்தத் தடையையும் முதலில் விழ முடியாத இடத்தில் காட்டுங்கள். அப்புறம் அதையே உயரமாக. அப்புறம் வேறொன்றோடு கலந்து. செக்பாயிண்ட் தடைக்கு முன்னால், ஓடி வேகமெடுக்க இடம் விட்டு, சமதளத்தில் இருக்க வேண்டும். ஏற்றத்தின் நடுவில் வைத்தால் பைக் தோன்றியதும் பின்னால் உருளும், வேகமும் கிடைக்காது.

இடத்துக்கு நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியைச் சுற்றி ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் உருண்டைப் பாறைகளே டிரையல்ஸ் பாதைதான். கிரானைட் குவாரியில் கல் வெட்டியெடுத்த இடங்களில் செங்குத்துப் படிகள் இருக்கும். ஐந்தாம் படியில் சொன்ன கடினமான தடைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஒகேனக்கல்லில் பாறைகளுக்கு இடையே காவிரி அறுத்துப் போன பள்ளங்கள், தாவலுக்கு. மாந்தோப்பு வரப்பும் வாய்க்காலும் ஆரம்ப லெவலுக்கு. நேரில் போய்ப் பக்கவாட்டில் நின்று போட்டோ எடுங்கள். வளைவின் கோடு அதிலிருந்தே கிடைக்கும். குவாரிக்குள் அனுமதியில்லாமல் இறங்க வேண்டாம், வெளியே நின்று எடுத்தாலே போதும்.

தொப்பூர் கணவாயை லெவலாக வைக்கலாமா என்று நம் பக்கத்துப் பையன்கள் கட்டாயம் கேட்பார்கள். வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதி, எத்தனையோ பேர் இறந்துபோன சாலை அது. நம் ஊரிலேயே அந்த வீடுகள் இருக்கின்றன. லாரிமேல் பைக்கைத் தாவ வைப்பது அவர்களைப் புண்படுத்தும். ஓடும் சாலையில் ஸ்டண்ட் என்பதையே கேமிலிருந்து எடுத்துவிடுங்கள். பாறை, குவாரி, தோப்பு போதும். ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட் இருக்கட்டும்.

9. படம், ஒலி, தமிழ் எழுத்து

இப்போது பைக்கை வரையலாம். படத்தை வடிவத்துக்குப் பொருத்துங்கள். படத்துக்காக வடிவத்தை மாற்றாதீர்கள். ஓசூரில் டிவிஎஸ் ஆலை இருப்பதால் அந்த பைக்குகளின் மேல் நமக்குத் தனிப் பாசம் உண்டு. ஆனாலும் எந்த நிறுவனத்தின் பெயரும் சின்னமும் வேண்டாம். வணிக முத்திரைப் புகார் வந்தால் பிளே ஸ்டோர் கேமை இறக்கிவிடும்.

இன்ஜின் ஒலியை நீங்களே பதிவு செய்யலாம். சத்தமில்லாத வெட்டவெளியில் பைக்கை நிறுத்தி, ஒரே சீரான கேஸில் சில நொடிகள். அதை லூப்பாக இறக்குமதி செய்து, சக்கர வேகத்துக்கு ஏற்ப 'பிட்ச் ஸ்கேலை' ஏற்றி இறக்கினால் போதும்.

தமிழில் மெனு வைத்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச உரிம எழுத்துருவைப் புராஜெக்டுக்குள்ளேயே சேருங்கள். கணினியில் தமிழ் சரியாகத் தெரிகிறதே என்று விட்டுவிடுவார்கள். அது கணினியில் உள்ள எழுத்துருவைக் கடன் வாங்கிக் காட்டுகிறது. பிரவுசரில் அந்த வசதி இல்லை, கட்டம் கட்டமாகத்தான் வரும்.

10. முதல் வெளியீடு இட்ச் தளத்தில்

மூன்று லெவல் முடிந்ததுமே இதைச் செய்யுங்கள். இட்ச் தளத்துக்குக் கட்டணம் இல்லை, காத்திருப்பு இல்லை. ஒரு லிங்கை அனுப்பினால் பாலக்கோட்டில் இருப்பவரும் துபாயில் இருப்பவரும் உடனே ஆடலாம். தவறுகள் பிளே ஸ்டோர் விமர்சனத்தில் தெரிவதற்கு முன் இங்கே தெரியட்டும்.

வெப் எக்ஸ்போர்ட் செய்யும்போது முதன்மைக் கோப்பின் பெயர் 'இண்டெக்ஸ்' என்று இருக்க வேண்டும். எல்லாக் கோப்பையும் ஒரே ஜிப்பாகக் கட்டுங்கள். ஜிப்பைத் திறந்ததும் அந்தக் கோப்பு தெரிய வேண்டும், உள்ளே இன்னொரு கோப்புறைக்குள் இருக்கக்கூடாது. ஏற்றிய பிறகு 'பிரவுசரில் ஆடப்படும்' என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். 'திரெட் சப்போர்ட்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இயக்கியிருந்தால் தளத்திலும் அதற்கான தனி அமைப்பை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் கருந்திரைதான். திரையைத் தொடும்வரை பிரவுசர் ஒலியை விடாது. அதனால் 'தொடங்கு' என்ற பொத்தானோடு ஆரம்பியுங்கள்.

11. பிளே ஸ்டோர்: கேம் முடிவதற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், நேரடியாக வெளியிட முடியாது. குறைந்தது 12 பேர் சோதனையாளராகச் சேர்ந்து, இடைவிடாமல் 14 நாள் இருக்க வேண்டும். அதன் பிறகுதான் வெளியிட அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். பொங்கலுக்கு வெளியிடலாம் என்று நினைத்தால், டிசம்பர் தொடக்கத்திலேயே சோதனைப் பதிப்பு போயிருக்க வேண்டும். அடையாளச் சரிபார்ப்புக்கும் பரிசீலனைக்கும் நாட்கள் ஆகும். ஆகவே ஐந்தாம் படியில் எண்களைப் பூட்டிய வாரமே கணக்கைத் தொடங்குங்கள்.

சரியாக 12 பேரைப் பிடிக்காதீர்கள். ஒருவர் போனை மாற்றினாலோ வெளியேறினாலோ எண்ணிக்கை குறைந்துவிடும். வகுப்பில் 20 பேரிடம் ஜிமெயில் வாங்குங்கள். பர்கூர், செட்டிக்கரை போன்ற பொறியியல் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு இது சுலபம். லிங்கை வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டால் மட்டும் போதாது. ஒவ்வொருவரும் லிங்கில் போய் 'சோதனையாளர் ஆகிறேன்' என்று ஒப்புக்கொண்டு, அதே ஜிமெயிலில் இருந்து நிறுவ வேண்டும். உட்கார்ந்து ஒருவர் ஒருவராகச் செய்ய வையுங்கள். அவர்கள் சொல்லும் குறைகளைக் குறித்து வையுங்கள். சோதனையில் என்ன கற்றீர்கள், எதை மாற்றினீர்கள் என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள்.

கோப்பு வகையில், போனில் நேரடியாக நிறுவும் ஏபிகே கோப்பைப் புதிய கேமுக்கு பிளே ஸ்டோர் ஏற்காது. 2021 ஆகஸ்டிலிருந்து ஏஏபி (ஆண்ட்ராய்டு ஆப் பண்டில்) தான். கோடோவில் 'கிரேடில் பில்டு' இயக்கினால்தான் ஏஏபி வரும். கட்டமைப்பில் 64 பிட் ஆர்ம் சேர்ந்திருக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய கேம்கள் ஆண்ட்ராய்டு 15-ஐ, அதாவது ஏபிஐ 35-ஐ, இலக்காகக் கொள்ள வேண்டும். இந்த எண் ஆண்டுதோறும் ஏறும். பழைய கோடோ பதிப்பில் தங்கிவிடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேக்கேஜ் பெயரை (பிளே ஸ்டோர் உங்கள் கேமை அடையாளம் காணும் பெயர்) நிதானமாக யோசித்து வையுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றவே முடியாது. இயல்பாக வரும் 'எக்ஸாம்பிள்' என்ற சொல்லோடு ஏற்றினால் பிளே ஸ்டோர் ஏற்காது.

கையொப்பத்துக்கான கீஸ்டோர் கோப்பையும் கடவுச்சொல்லையும் கணினிக்கு வெளியே இரண்டு இடத்தில் வையுங்கள். தொலைத்தால் கூகுளிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆனால் அதுவரை ஒரு அப்டேட்டும் விட முடியாது.

கடைப் பக்கத்துக்கு வேண்டியவை: 512-க்கு 512 ஐகான், 1024-க்கு 500 பட்டைப் படம், குறைந்தது இரண்டு ஸ்கிரீன்ஷாட், 30 எழுத்துக்குள் பெயர், 80 எழுத்துக்குள் சுருக்க விளக்கம். ஸ்கிரீன்ஷாட்டில் மெனு வேண்டாம். பைக் காற்றில் இருக்கும் கணம் இருக்கட்டும். தகவல் எதையும் திரட்டாவிட்டாலும் தனியுரிமைக் கொள்கைக்கு ஒரு லிங்க் கேட்பார்கள். டேட்டா சேஃப்டி படிவமும் வயது மதிப்பீட்டுக் கேள்விகளும் உண்டு. விளம்பரம் சேர்த்திருந்தால் அந்த விளம்பரக் கருவி திரட்டும் தகவலும் உங்கள் கணக்கில்தான் வரும், அதை மறைக்கக் கூடாது. தனிநபர் கணக்கில் பணம் ஈட்டத் தொடங்கினால் உங்கள் முழு முகவரியும் கடைப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டு முகவரி தெரிவதில் உங்களுக்குச் சம்மதமா என்பதைப் பெற்றோரோடு பேசி முடிவெடுத்த பிறகு விளம்பரம் சேருங்கள். முதல் கேமுக்கு விளம்பரமே வேண்டாம் என்பது என் எண்ணம்.

12. வெளியிட்ட வாரம்

அனுமதி கிடைத்ததும் உடனே வெளியிட வேண்டியதில்லை. நீங்கள் கணினி முன் உட்கார முடிகிற நாளைப் பாருங்கள். செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய நாள் வேண்டாம்.

முதல் சில நாட்கள் பிளே கன்சோலில் 'ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ்' பகுதியைப் பாருங்கள். எந்த போனில், எந்த இடத்தில் கேம் நின்றுபோனது என்று அதில் வரும். விமர்சனங்களில் 'கஷ்டமாக இருக்கிறது' என்று எழுதினால் கலங்க வேண்டாம். 'பொத்தான் வேலை செய்யவில்லை' என்று எழுதினால் அன்றே பாருங்கள். பெரும்பாலும் திரையின் ஓரத்தில் வைத்த பொத்தானை போனின் பின்செல்லும் சைகை பிடுங்கியிருக்கும். பொத்தானைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் சரியாகிவிடும்.

திருத்தத்தை ஏற்றும்போது வெர்ஷன் கோடை ஒன்று கூட்டுங்கள். பழைய எண்ணோடு ஏற்க மாட்டார்கள். முதல் வெளியீட்டில் இல்லாத ஒரு வசதி அப்டேட்டில் உண்டு: முதலில் நூற்றில் இருபது பேருக்கு மட்டும் அனுப்பலாம். இரண்டு நாள் வைட்டல்ஸைப் பார்த்து, புதிதாக எதுவும் உடையவில்லை என்றால் நூறுக்கு ஏற்றுங்கள்.